குழந்தை பிறந்த பிறகு ஓட்டப் பயிற்சிய எப்படி சமாளிக்கறீங்க? அப்பாக்கள் கொஞ்சம் சொல்லுங்க

புதுஅப்பா_ஓட்டம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் மக்களே. பையன் பிறந்து மூணு மாசம் ஆகப்போகுது. அதுக்கு முன்னாடி வாரத்துக்கு அஞ்சு நாளாவது ஓடிடுவேன், 60 கிலோமீட்டர் சாதாரணமா வந்துடும், வார கடைசில லாங் ரன் 25, 28ன்னு போகும். இப்ப வாரத்துல ரெண்டு தடவ ஷூ மாட்டினாலே பெரிய விஷயம். ராத்திரி ரெண்டு ரெண்டரை மணி நேரத்துக்கு ஒருக்கா முழிச்சிக்கறான், மனைவி பால் குடுப்பா, நான் டயப்பர் மாத்தி ஏப்பம் வர வெச்சு தோள்ல போட்டு தூங்க வெப்பேன், அவன் தூங்கறதுக்குள்ள எனக்கு தூக்கம் கலைஞ்சிடும். அதையும் மீறி காலைல போய் ஓடினா முன்னாடி பேசிக்கிட்டே ஓடின பேஸ்ல (வேகத்துல) இப்ப மூச்சு வாங்குது.

இன்னும் அஞ்சு மாசத்துல ஒரு ஃபுல் மாரத்தானுக்கு பதிவு பண்ணி வெச்சிருக்கேன், 16 வார பிளான். குழந்தை பிறக்கறதுக்கு முன்னாடியே பதிவு பண்ணது.

கேக்க நினைக்கறது ரெண்டு விஷயம். பயிற்சில எத குறைக்கலாம், எத விடக்கூடாது? அப்பறம் வீட்ல இத எப்படி பேசி முடிவு பண்ணீங்க? மனைவி "நீ போய்ட்டு வா"ன்னுதான் சொல்றா. ஆனா அவ முகத்துல இருக்கற அசதிய பாத்துட்டு கதவ சாத்திட்டு கெளம்ப மனசு வரமாட்டேங்குது. ஓடாம இருந்தாலும் நாள் பூரா ஒரு மாதிரி எரிச்சலாவே இருக்கு.

விடியற்கால_ஓட்டம்

வாழ்த்துகள் ப்ரோ! ஒரே வழி, வீடு முழிக்கறதுக்கு முன்னாடி ஓடி முடிச்சிடணும். நான் நாலரைக்கு எழுந்துடுவேன், துணி ஷூ வாட்ச் எல்லாம் முந்தின நாள் ராத்திரியே ஹால்ல எடுத்து வெச்சிடுவேன், பெட்ரூம்ல லைட் போடறதே கிடையாது. ஆறு மணிக்கு வீட்ல இருப்பேன், அப்ப ஆரம்பிச்சு குழந்தை என் கைல. யாருக்கும் தொந்தரவு இல்ல. சாயங்காலம் பாத்துக்கலாம்னு தள்ளிப்போட்டீங்கன்னா அந்த ஓட்டம் நடக்கவே நடக்காது.

பிசியோ_பக்கம்

மேல சொன்னவர் சொல்றது குழந்தை ராத்திரி தூங்க ஆரம்பிச்ச வீட்டுக்கு சரி. மூணு மாசக் குழந்தை இருக்கற வீட்ல நாலரை மணி அலாரம்ங்கறத நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் சொல்றேன்.

பயிற்சி உடம்ப உடைக்குது, தூக்கம்தான் அத கட்டுது. ஆழ்ந்த தூக்கத்துலதான் வளர்ச்சி ஹார்மோன் அதிகமா சுரக்குது, தசை ரிப்பேர் ஆகறதுக்கு அது வேணும். துண்டு துண்டா தூங்கும்போது மொத்த மணிநேரம் மட்டும் குறையல, அந்த ஆழமான பகுதியும் அடிபடுது. நீங்க சொன்ன "பழைய பேஸ்ல மூச்சு வாங்குது"ங்கறதும் இதனாலதான் இருக்கணும். தூக்கம் கெட்டா அதே வேகம் மூளைக்கு கஷ்டமா தெரியும், இது பல ஆய்வுல திரும்பத் திரும்ப வந்த விஷயம். உங்க ஃபிட்னஸ் ஒரேடியா போயிடுச்சுன்னு நெனச்சு பயந்து இன்னும் கடுமையா ஓட போயிடாதீங்க.

2014ல வந்த ஒரு ஆய்வு, விளையாட்டு வீரர்களா இருக்கற பள்ளி மாணவர்கள்ல எட்டு மணி நேரத்துக்கு கம்மியா தூங்கினவங்களுக்கு காயம் ஆகற வாய்ப்பு 1.7 மடங்கு. அது வளர்ற வயசுப் பசங்க, அப்படியே நமக்கு பொருந்தும்னு சொல்லமாட்டேன். ஆனா என்கிட்ட வர்ற புது அப்பாக்கள்ல நான் பாக்கறது இதே திசைலதான் இருக்கு: கெண்டைக்கால் பிடிப்பு, குதிகால் தசைநார்ல வலி. ரெண்டு வாரம் ஓடாம இருந்துட்டு ஒரு நாள் நேரம் கிடைச்ச சந்தோஷத்துல இன்டர்வல் (விட்டு விட்டு வேகமா ஓடறது) அடிச்சிருப்பாங்க.

என் அளவுகோல் சுலபமானது. ராத்திரி மொத்தமா அஞ்சு மணி நேரம்கூட தூக்கம் இல்லையா, அன்னைக்கு வேகப் பயிற்சி கிடையாது. மெதுவா அரை மணி ஓடுங்க, இல்ல நடங்க, இல்ல அந்த நேரத்துக்கு தூங்குங்க. அப்படி தூங்கறதும் பயிற்சிக் கணக்குலதான் சேரும்.

விடியற்கால_ஓட்டம்

நியாயமான பேச்சு. என் பொண்ணுக்கு ஒரு வயசு தாண்டின பிறகுதான் நான் இந்த நேரத்துக்கு வந்தேன், அத முதல்லயே சேர்த்து சொல்லிருக்கணும், இப்ப சொல்றேன். ஆரம்ப மாசங்கள்ல மதியம் லஞ்ச் பிரேக்லதான் ஓடினேன். ஆபீஸ்ல குளிக்க இடம் இருந்துச்சுன்னா அது மாதிரி வசதி வேற இல்ல, வீட்டு நேரத்துல ஒரு நிமிஷம்கூட எடுக்காது.

மெதுவோட்டம்

இழைய ஃபாலோ பண்றேன், எங்க வீட்ல அடுத்த மாசம் டெலிவரி.

ஓடும்_அம்மா

நான் அந்தப் பக்கத்துல இருந்து பேசறேன் தம்பி. நானும் ஓடறவ, என் கணவரும் ஓடறவர், ரெண்டு பிள்ளைங்க.

"நீ போய்ட்டு வா"ன்னு உங்க மனைவி சொல்றது மனசார சொல்றதாத்தான் இருக்கும். ஆனா அவங்க அப்படி சொல்லும்போது உங்க ஓட்டம் மட்டும்தான் பேச்சுல இருக்கு. அவங்களுக்கான நேரம் எங்க இருக்குன்னு யாரும் கேக்கல. அவங்க கேட்டு வாங்கணும்னு எதிர்பாக்காதீங்க, பால் குடுக்கற உடம்புக்கு கேக்கற தெம்பே இருக்காது. நீங்களே முதல்ல "இந்த நேரம் உனக்கு, நீ தூங்கறியோ குளிக்கறியோ சும்மா உக்காந்திருக்கியோ உன் இஷ்டம், குழந்தை என்கிட்ட"ன்னு எழுதி வெச்சிடுங்க. அதுக்கப்பறம் உங்க ஓட்டத்த எழுதுங்க. இந்த வரிசைய மாத்தக்கூடாது.

ரெண்டாவது, கணக்கு சரியா போடுங்க. நீங்க "ஒரு மணி நேர ரன்"னு சொல்லுவீங்க. ஷூ தேடி, வாட்ச் சிக்னல் பிடிச்சு, ஓடி, வந்து ஸ்ட்ரெச் பண்ணி, தண்ணி குடிச்சு, குளிச்சு வெளிய வர்றதுக்குள்ள ரெண்டு மணி நேரம் ஓடிப்போயிருக்கும். அந்த ரெண்டு மணி நேரமும் வீட்ல ஒருத்தங்க தனியா அழற குழந்தையோட இருக்காங்க. எங்க வீட்ல வந்த சண்டைல பாதி இந்த வித்தியாசத்துல வந்ததுதான். அவர் ஒரு மணி நேரம்னு நெனச்சிட்டு இருப்பார், நான் ரெண்டு மணி நேரம் எண்ணிட்டு இருப்பேன். கதவ தாண்டி போன நிமிஷத்துல இருந்து குளிச்சிட்டு குழந்தைய கைல வாங்கற நிமிஷம் வரைக்கும்தான் நேரம்னு ஒருதடவ பேசி வெச்ச பிறகு அந்த சண்டை வரவே இல்ல. லாங் ரன் அன்னைக்கு இன்னொன்னும் இருக்கு, வந்த பிறகு மதியம் பூரா சோபால சாஞ்சு கிடக்கறது. அந்த அசதியும் வீட்டு நேரத்துல இருந்துதான் போகுது, அதையும் கணக்குல சேருங்க.

மூணாவது, அவங்களும் ஓடறவங்களா இருந்தா, பிரசவத்துக்கு அப்பறம் திரும்ப ஓடறதுக்கு குறைஞ்சது 12 வாரம் காத்திருக்கணும்னு 2019ல பிரிட்டன் பிசியோதெரபிஸ்ட்டுகள் ஒரு வழிகாட்டி போட்டாங்க. இடுப்புத் தள தசை எல்லாம் பழைய நிலைக்கு வர அவ்வளவு காலம் வேணும், அதுவும் அறிகுறிய பாத்துதான். நீங்க ஓடிட்டு வந்து பேஸ் சொல்லும்போது அவங்களுக்கு எப்படி இருக்கும்னு நெனச்சு பாருங்க. பேசாதீங்கன்னு சொல்லல, அவங்க எப்ப ஆரம்பிக்கலாம், நான் என்ன செய்யணும்னு அந்தப் பேச்சோடயே கேளுங்க.

ரெட்டையர்_அப்பா

அக்கா சொன்னத அப்படியே வழிமொழியறேன். எங்க வீட்ல ராத்திரிய ரெண்டா வெட்டினோம், அதுதான் எங்கள காப்பாத்துச்சு. ஒன்பது மணில இருந்து ரெண்டு மணி வரைக்கும் ஒருத்தர் பொறுப்பு, ரெண்டுல இருந்து ஏழு வரைக்கும் இன்னொருத்தர். பொறுப்பு இல்லாதவங்க வேற ரூம்ல கதவ சாத்திட்டு தூங்கணும். தாய்ப்பால் சரியா பழகின பிறகு ஒரு வேளைக்கு பம்ப் பண்ணி எடுத்து வெச்சா அப்பா பாட்டில்ல குடுக்கலாம், அம்மாவுக்கு நாலு மணி நேரமாவது சேர்ந்தாப்ல தூக்கம் கிடைக்கும். ரெண்டு பேரும் ஒவ்வொரு தடவையும் சேர்ந்து முழிக்கறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, ரெண்டு பேருமே கெட்டுப்போறதுதான் மிச்சம். நீங்க இப்ப செய்யறது அதுதான்னு தோணுது.

கணக்கு_பாத்து_ஓடு

பயிற்சி பக்கம் யாரும் இன்னும் விவரமா போகல, நான் சொல்றேன். கொஞ்சம் நீளமா இருக்கும்.

முதல்ல பயத்த போக்கிக்கங்க. நல்லா பயிற்சி எடுத்தவங்க முழுசா நிறுத்தினா என்ன ஆகும்னு 1984ல கோய்ல்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு பாத்தாங்க. மூணு வாரத்துல விஓ2 மேக்ஸ் (உடம்பு அதிகபட்சமா பயன்படுத்தற ஆக்சிஜன் அளவு) சுமார் 7 சதவீதம் இறங்குச்சு, எட்டு வாரம் கிட்ட 16 சதவீதம், அப்பறம் ஓரளவு அங்கேயே நின்னுடுச்சு. இது ஒரு அடிகூட ஓடாம முழு ஓய்வுல இருந்தவங்க கணக்கு. முதல் வாரங்கள்ல இறங்கறதுல பெரும்பங்கு ரத்தத்துல பிளாஸ்மா (திரவப் பகுதி) அளவு குறையறதால, திரும்ப ஓட ஆரம்பிச்சா அது சீக்கிரமே ஏறிடும்.

அத விட நமக்கு முக்கியமானது ஹிக்சன்ங்கற ஆராய்ச்சியாளர் 1980களோட முதல் பாதில செஞ்ச ஆய்வுகள். ஆறு நாள் 40 நிமிஷம் கடுமையா பயிற்சி எடுத்தவங்கள பிரிச்சு, சிலருக்கு நாட்கள குறைச்சாங்க, சிலருக்கு நிமிஷத்த குறைச்சாங்க, சிலருக்கு தீவிரத்த குறைச்சாங்க. வாரத்துக்கு ரெண்டே நாள் ஆக்கினாலும் விஓ2 மேக்ஸ் 15 வாரம் நின்னுச்சு. 40 நிமிஷத்த 13 நிமிஷமா ஆக்கினாலும் நின்னுச்சு, நீண்ட நேரம் தாங்கற திறன் மட்டும் கொஞ்சம் அடிவாங்குச்சு. தீவிரத்த குறைச்சப்பதான் எல்லாமே இறங்கிடுச்சு. ஆக நேரம் இல்லாத காலத்துல தூரத்த தாராளமா வெட்டலாம், நாட்களையும் வெட்டலாம், வாரத்துல ஒரு தடவையாவது மூச்சு வாங்கற ஓட்டம் இருந்தா எஞ்சின் அணையாது.

அப்ப உங்க வாரம் இப்படி இருக்கலாம். நல்லா தூங்கின ராத்திரிக்கு அடுத்த நாள் ஒரு தரமான ஓட்டம், 10 நிமிஷம் வார்ம் அப், நடுவுல மூணு நிமிஷ வேகம் அஞ்சு தடவ இல்லன்னா 20 நிமிஷ டெம்போ (கொஞ்சம் கஷ்டமான ஒரே வேகத்துல ஓடறது), அப்பறம் தணிச்சுட்டு வீடு. கிழமைய பூட்டாதீங்க, குழந்தை எந்த ராத்திரி தூங்குதோ அதுக்கு மறுநாள்தான் அந்த ஓட்டம், பிசியோ சொன்னதுக்கும் இது ஒத்துப்போகும். வார கடைசில 75லிருந்து 90 நிமிஷம் ஈசி. மூணாவதா எப்ப கிடைக்குதோ அப்ப அரை மணி. அவ்வளவுதான், மத்ததெல்லாம் போனஸ். கிலோமீட்டர் எண்ணறத நிறுத்திட்டு நிமிஷத்துல திட்டம் போடுங்க, தூக்கம் கெட்ட நாள்ல பழைய பேஸ தொரத்த மாட்டீங்க. வீட்ல ஒரு பத்து நிமிஷம் கிடைச்சா கெண்டைக்கால் ஏத்தி இறக்கறது, ஒத்தக்கால் ஸ்குவாட், பிளாங்க். குழந்தைய பக்கத்துல தரைல விரிப்புல படுக்க வெச்சிட்டே செய்யலாம்.

இந்த மாதிரி வாரங்கள் ஹாஃப் (அரை மாரத்தான்) ஓடறதுக்கு போதும். ஃபுல்லுக்கு போதாது, 30 கிலோமீட்டர் தாண்டின பிறகு கால் தாங்கறது நீண்ட ஓட்டத்துலதான் வரும், அதுக்கு குறுக்கு வழி எனக்கு தெரிஞ்சு கிடையாது.

புதுஅப்பா_ஓட்டம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிக்க படிக்க மனசு லேசாகுது. ஓடும்_அம்மா அக்கா, நீங்க சொன்ன கதவு கணக்க நேத்து மனைவிகிட்ட படிச்சு காட்டினேன், "இந்த அக்கா யாரு, இவங்கள எனக்கு பாக்கணும்"னு சொன்னா. அவ காலேஜ் காலத்துல இருந்து நீச்சல் போறவ, மூணு மாசமா அத பத்தி ஒரு வார்த்தை பேசல, நேத்துதான் பேசினா.

ஸ்ட்ரோலர்ல வெச்சு ஓடறத பத்தி யாராச்சும் சொல்லுங்களேன். இப்பவே ஆரம்பிக்கலாமா? மார்புல கட்டிக்கற கேரியர்ல வெச்சு மெதுவா ஜாகிங் போறத சில வீடியோல பாத்தேன்.

பிசியோ_பக்கம்

கேரியர்ல வெச்சு ஓடவே ஓடாதீங்க, எந்த வயசுலயும். நடக்கலாம், தாராளமா நடங்க. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் வர்ற குலுக்கல் நேரா குழந்தை தலைக்கும் கழுத்துக்கும் போகுது, கால் தடுக்கினா ரெண்டு பேரும் விழுவீங்க.

ரெட்டையர்_அப்பா

ஸ்ட்ரோலர் விஷயம் எனக்கு ரொம்ப பிடிச்ச சப்ஜெக்ட். மூணு மாசத்துக்கு வேணாம். குறைஞ்சது ஆறு மாசம் ஆகணும், பல கம்பெனிகள் எட்டு மாசம்னு கையேட்லயே போட்டிருப்பாங்க. கழுத்து உறுதியா நிக்கணும், உக்கார வெச்சா தலை ஆடக்கூடாது, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி குழந்தை டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

சாதாரண தள்ளுவண்டில ஓடக்கூடாது, அதுக்குன்னு செஞ்ச ஜாகிங் ஸ்ட்ரோலர் வேணும். காத்தடிச்ச பெரிய மூணு சக்கரம், முன்சக்கரம் நேரா பூட்டிக்கற மாதிரி, அஞ்சு இடத்துல பிடிக்கற பெல்ட், கைப்பிடில பிரேக், மணிக்கட்டுல மாட்டிக்க ஒரு வார். அந்த வார நெறைய பேர் மாட்டறதே இல்ல, இறக்கத்துல கை நழுவினா வண்டி தானா போயிடும். முன்சக்கரத்த பூட்டாம வேகமா போனா சின்ன கல்லு தட்டினாலே திரும்பி கவுந்துடும். வெயிலுக்குன்னு மேல துணி போட்டு மூடாதீங்க, காத்து போகாம உள்ள சூடு ஏறிடும், அதோட கூரை போதும். காதுல ஹெட்போன் வேணாம்.

ஓட்டம் எப்படி இருக்கும்னா, தள்ளும்போது கை வீச முடியாததால அடி குட்டையாகும், அதே வேகத்துக்கு இதயத்துடிப்பு கூடும். பேஸ மறந்துட்டு ஈசி ஓட்டத்துக்கு மட்டும் வெச்சுக்கங்க. ஒரு கைய மாத்தி மாத்தி விட்டு ஓடினா தோள் பிடிக்காது. எனக்கு இதுல கிடைச்ச பெரிய லாபம், நான் ஓடற அந்த நேரம் பூரா வீட்ல மனைவிக்கு முழு அமைதி. ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கும் நேரம் கிடைக்கற ஒரே வழி இதுதான், அதனாலயே ஆறு மாசம் எப்ப வரும்னு காத்திருந்தேன்.

விடியற்கால_ஓட்டம்

ட்ரெட்மில் வாங்கறவங்களுக்கு ஒண்ணு. குழந்தை தவழ ஆரம்பிச்ச பிறகு ஓடற பெல்ட் பக்கம் கை வெச்சா தோல் உரிஞ்சு தீப்புண் மாதிரி ஆயிடும். ஓடி முடிச்சதும் பிளக்க புடுங்கிட்டு அந்த சேஃப்டி கீய எடுத்து உயரத்துல வெச்சிடுங்க. குழந்தை முழிச்சிருக்கும்போது அதே ரூம்ல ஓடவே வேணாம்.

மெதுவோட்டம்

ஒரு சந்தேகம். பெரிய வீரர்களுக்கும் குடும்பம் இருக்கே, மாரத்தான் வீரர் கிப்சோகேவுக்கு மூணு பிள்ளைங்க, அவர் எப்படி சமாளிச்சார்?

கணக்கு_பாத்து_ஓடு

அவர் பல வருஷம் வாரநாள் முழுக்க பயிற்சி முகாம்ல தங்கிட்டு வார கடைசிலதான் வீட்டுக்கு போனவர். அது அவர் தொழில், ஓடாத நேரத்துல ஓய்வு எடுக்கறதும் அவர் வேலைலயே சேந்தது. நமக்கு ஓட்டமும் கிடைக்கற நேரத்துலதான், ஓய்வும் கிடைக்கற நேரத்துலதான். அந்த வாழ்க்கைல இருந்து வீட்டு விஷயத்துக்கு எதுவும் எடுத்துக்க முடியாது.

இரவு_நேர_அப்பா

ரொம்ப நாளா படிக்க மட்டும் செய்யறேன், இன்னைக்கு எழுதணும்னு தோணுச்சு. இழை ஆரம்பிச்சவர் "நாள் பூரா எரிச்சல்"னு ஒரு வரி எழுதிருந்தார், யாரும் அத தொடல.

பிரசவத்துக்கு பிந்தைய மனச்சோர்வு அம்மாவுக்கு மட்டும் வர்றது இல்ல. 2010ல பல ஆய்வுகள சேர்த்து பாத்ததுல பத்துல ஒரு அப்பாவுக்கு இருக்குன்னு வந்துச்சு, மூணுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள அது அதிகம். ஆம்பளைங்களுக்கு அது அழுகையா வராம கோபமா, எரிச்சலா, யாரோடயும் ஒட்டாம இருக்கறதா வரலாம். எனக்கு அப்படித்தான் வந்துச்சு. ஓட்டம் எனக்கு உதவுச்சு, அது உண்மை, அதனால வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓடுங்கன்னு நான் சொல்லுவேன். ஆனா ஓட்டம் மட்டும் போதல, டாக்டர்கிட்ட போனேன், பேசினேன், அப்பறம்தான் சரியாச்சு. ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் பிடிப்பு இல்லாம, குழந்தைய தூக்கினாலும் ஒண்ணும் தோணாம இருந்தா தயவுசெஞ்சு போங்க. "தூக்கம் இல்லாததால"ன்னு சொல்லி தள்ளிப்போடாதீங்க.

ஓடும்_அம்மா

இத எழுதினதுக்கு நன்றி தம்பி.

புதுஅப்பா_ஓட்டம்

இரவு_நேர_அப்பா, ரெண்டு தடவ படிச்சேன். மனைவிகிட்டயும் காட்டினேன். எனக்கு ஓடிட்டு வந்தா சரியாகிடுது, அவனோட விளையாடும்போது நல்லாத்தான் இருக்கேன், ஆனா கவனிச்சுக்கறேன், அவளையும் கவனிக்கச் சொல்லிருக்கேன்.

நேத்து ரெண்டு பேரும் உக்காந்து பேசினோம். ஃபுல் மாரத்தான் வேணாம், அதே நிகழ்ச்சில ஹாஃபுக்கு மாத்திக்க வழி இருக்கு, மெயில் போட்டுட்டேன். ராத்திரிய ரெண்டா வெட்டறத இந்த வாரமே ஆரம்பிச்சாச்சு, அவளுக்கு முதல் பாதி தூக்கம், எனக்கு ரெண்டாவது பாதி. சனிக்கிழமை காலை அவ நேரம், டாக்டர் சரின்னா நீச்சல், ஞாயிறு காலை என் லாங் ரன், கதவு கணக்குல ரெண்டரை மணி நேரம், அதுக்கு மேல போகாது. வாரநாள்ல ரெண்டு தடவ ஆபீஸ்ல இருந்து ஓடியே வீட்டுக்கு வரலாம்னு பாக்கறேன், எப்படியும் அந்த பயண நேரம் போகத்தான் போகுது. லேப்டாப்ப வெச்சுக்கிட்டு ஓடறவங்க யாராச்சும் இருக்கீங்களா? பை ஆடாம இருக்க என்ன பண்றீங்க?

விடியற்கால_ஓட்டம்

லேப்டாப்ப ஆபீஸ்லயே விட்டுட்டு வர்ற நாளா பாத்து வெச்சுக்கங்க, அதுதான் முதுகுக்கு நல்லது. கட்டாயம் எடுத்துட்டு வரணும்னா இடுப்புலயும் மார்புலயும் ரெண்டு இடத்துல வார் இருக்கற பை வாங்குங்க, மார்பு வார இறுக்கிட்டு லேப்டாப்ப முதுகு ஒட்டி இருக்கற அறைல, ஒரு துணில சுத்தி வெச்சா ஆடாது. மாத்துத்துணிய திங்கக்கிழமையே ஆபீஸ்ல கொண்டுபோய் வெச்சிடுங்க. முதல் ரெண்டு மூணு தடவ பாதி தூரம் பஸ்ல வந்து மீதிய ஓடுங்க, பை வெயிட்டுக்கு தோள் பழகணும்.